ஜோடி மாறிய ஹார்டு டிஸ்க்

சுங்குடிச் சேலை மொத்த வியாபாரி துளசிராமுக்கு ஒரு விதி உண்டு. ஒரு கடைக்கு அனுப்பும் சேலைகள் எல்லாம் ஒரே தொட்டிச் சாயத்தில் நனைந்திருக்க வேண்டும். தொட்டி மாறினால் நிறமும் சற்றே மாறிவிடும். இந்த விதியை அவர் மற்ற பொருள்களுக்கும் வைத்திருந்தார். டம்ளர் வாங்கினாலும் ஒரே பெட்டியிலிருந்துதான் எடுப்பார்.

வில்லாபுரத்தில் இருந்த அவருடைய கடைக்குள் கம்ப்யூட்டர் வந்து நான்கு வருடமாகிவிட்டது. அவர் மனைவி ஸ்வர்ணா வரைந்த புள்ளிக் கோலங்கள், மாங்காய்கள், அன்னங்கள் எல்லாம் அதற்குள் இருந்தன. அவற்றை அச்செடுத்துத்தான் முடிச்சுப் போடும் பெண்களுக்குக் கொடுப்பார்கள். ஸ்வர்ணாவின் கண் இப்போது முன்போல இல்லை. அவை அழிந்துபோனால் மறுபடி வரைய அவளால் முடியாது. அப்படி இருக்கும்போது கடை சர்வரின் ஹார்டு டிஸ்க் கடகடவென்று சத்தம் போட ஆரம்பித்தது. துளசிராமுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பெரியார் பஸ் நிலையத்துக்கு அருகே ஒரு மாடியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த பாண்டீஸ்வரியிடம் போனார். விலை அதிகமானது வேண்டாம், நடுத்தர விலையில் வாரண்டி நீளமாக இருப்பதாக இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்றாள் அவள். எழுதுவதெல்லாம் இரண்டிலும் ஒரே நேரத்தில் பதியும். ஒன்று போனால் மற்றொன்று தாங்கும். அவர் தலையாட்டிவிட்டு, ஒரே பெட்டியிலிருந்து இரண்டையும் எடுக்கச் சொன்னார்.

“அண்ணே, ஒரே பெட்டியில வந்தது ஒண்ணாவே போகவும் செய்யும். வேற வேற கம்பெனியா எடுங்க.”

“தொட்டி மாறினா நிறம் மாறும்மா.”

“இது சேலை இல்லைண்ணே.”

“எனக்கு எல்லாமே சேலைதான்.”

பாண்டீஸ்வரி சிரித்துக்கொண்டே கடையில் மிச்சமிருந்த, ஒரே பெட்டியில் வந்த ஜோடியை எடுத்து அவர் பையில் வைத்தாள். கோயிலில் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் மாட்டவேண்டும் என்று அவர் சொன்னபோது, குங்குமம் அட்டைப் பெட்டியோடு நிற்கட்டும், உள்ளே போகவேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள்.

அப்போது மேலூரிலிருந்து அழகுபாண்டி மூச்சிரைக்க மாடியேறி வந்தார். அங்கே ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்திருப்பவர். காலையில் அவருடைய கம்ப்யூட்டர் டிஸ்க் நின்றுபோயிருந்தது. நோயாளிகள் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். அது பழைய மெஷின், பெரிய டிஸ்க்கை ஏற்காது. பாண்டீஸ்வரியிடமோ, துளசிராமின் ஜோடி போக, இருந்தது வேறு கம்பெனியின் பெரிய டிஸ்க் ஒன்றுதான். சென்னைப் பார்சல் வர நாலைந்து நாள் ஆகும்.

அழகுபாண்டி நெற்றியைத் துடைத்துக்கொண்டு படி இறங்கப் போனார். துளசிராம் தன் பையைப் பார்த்தார். பிறகு அதிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார்.

“கொண்டு போங்க. நோயாளிங்க காத்திருக்காங்க.”

“உங்க ஜோடி உடையுதேண்ணே” என்றாள் பாண்டீஸ்வரி.

“உடையட்டும், பரவால்ல.”

வாயால் அப்படிச் சொன்னாரே தவிர, பெரிய டிஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டு வீடு திரும்பும் வழியெல்லாம் மனம் உறுத்திக்கொண்டே இருந்தது. ஒன்று வெள்ளி நிறம், மற்றது கறுப்பு. ஸ்வர்ணாவிடம் சொன்னபோது அவள் தங்கள் சௌராஷ்டிர பாஷையில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். நாம் இரண்டு பேரும் என்ன ஒரே தொட்டியா? கணவரைவிட அவள் அரையடி உயரம். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டையும் மீனாட்சி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டு, பழைய டிஸ்க்கில் இருந்ததை ஏற்றி மாட்டும்படி பாண்டீஸ்வரியிடம் சொல்லிவிட்டார்.

அடுத்து வந்த பங்குனியில் ஒருநாள் காலை அழகுபாண்டியிடமிருந்து போன் வந்தது.

“அண்ணே, நீங்க குடுத்த டிஸ்க் படுத்துருச்சு. நான் தினமும் சிடியில ஒரு காப்பி எடுத்து வச்சுக்கிறதால எனக்கு ஒண்ணும் கெடல. உங்ககிட்ட இருக்கிறதும் அதே பெட்டிதானே? பாத்துக்கங்க.”

துளசிராம் உடனே பாண்டீஸ்வரியை வரவழைத்தார். அவள் வந்து திறந்து பார்க்கையில், அந்தப் பெட்டியில் வந்த வெள்ளி நிற டிஸ்க் முந்தின இரவே நின்றுபோயிருந்தது. கறுப்பு டிஸ்க் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து மேசையில் ஸ்வர்ணா, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, திரையில் ஒரு அன்னத்தின் கழுத்தை வளைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து, என்ன விஷயம் என்று கேட்டாள். அவளுக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை.

துளசிராம் நாற்காலியில் உட்கார்ந்தார். அன்று அந்த ஜோடியை அப்படியே கொண்டுவந்திருந்தால் இரண்டும் ஒன்றாகப் போய், ஸ்வர்ணா வரைந்தது எதுவும் மிஞ்சியிருக்காது. அவர் புத்திசாலித்தனமாக ஒன்றும் தேர்ந்தெடுக்கவில்லை. தவித்து நின்ற ஒருவருக்கு வழிவிட்டார், அவ்வளவுதான். மீதியை அம்மன் பார்த்துக்கொண்டாள் என்று அவர் நம்பினார். மறுக்க நமக்கு என்ன இருக்கிறது?

“வாரண்டியில புதுசு ரெண்டு வரும்ணே, உங்களுக்கு ஒண்ணு, மேலூர்க்காரருக்கு ஒண்ணு” என்றாள் பாண்டீஸ்வரி. “ரெண்டும் ஒரே பெட்டியில வந்தா?”

“அவரு முதல்ல எடுத்துக்கட்டும். எனக்கு வேற பெட்டியில பாத்துக் குடு.”

ஸ்வர்ணா அன்னத்துக்கு ஒரு கண் வைத்துவிட்டு, எல்லாருக்கும் காப்பி போட எழுந்தாள்.