திருப்பிக் கொடுத்த அரிசி

நாரேயின் அரிசிப் பையைச் சபை வாசலில் வைத்தே திருப்பிக் கொடுத்தேன். கொரியாவின் இக்சான் நகரில் எங்கள் சபையார் பலர் என்னைத் தெருவில் பார்த்தால் இன்றும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். நானும் கூப்பிடுவதில்லை.

எங்கள் சபையில் பிடியரிசிக் காணிக்கை உண்டு. சமைக்கும் முன் வீட்டில் ஆளுக்கு ஒரு கரண்டி அரிசியை எடுத்துத் துணிப்பையில் போட்டுவைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பை வாசலில் இருக்கும் மரப்பெட்டிக்கு வரும். ஆராதனை முடிந்து கீழ்த்தளத்தில் எல்லோரும் சாப்பிடுவது அந்த அரிசியைத்தான். இப்போது பாதிப் பேர் பெயருக்குத்தான் கொண்டுவருகிறார்கள். நாரே வீட்டுப் பை மட்டும் கனக்கும்.

அந்த வீட்டில் இரண்டே பேர். தாய் மேங் அம்மா பியூட்டி பார்லர் நடத்துகிறார். அதை மூடிவிட்டு வீடு திரும்ப ஒன்பது மணியாகும். மகள் நாரேக்குப் பதினேழு வயது. என் ஞாயிறு வகுப்பில் இருந்தாள். வீட்டில் சமையல் அவள் பொறுப்பு.

செப்டம்பரில் பிள்ளைகளிடம் உடலைப் பற்றிப் பேசும்படி போதகர் என்னிடம் சொன்னார். கண்ணாடியைப் பார்த்து அழுகிறார்கள் என்று தாய்மார் அவரிடம் முறையிட்டிருந்தார்கள். ஒரு பையன், தான் இன்னும் ஏழு சென்டிமீட்டர் வளர ஜெபிக்க வேண்டும் என்று சீட்டு எழுதிப் போட்டிருந்தான். நான் பொறியியல் படித்தவன். பாடத்தை வரிசையாக எழுதிக்கொண்டு போனேன். உடல் கர்த்தருடைய ஆலயம், ஆலயத்துக்கு ஒழுங்கும் அடக்கமும் வேண்டும் என்றேன். எப்படி என்று ஒருவன் கேட்டான். நாரேயைக் காட்டினேன். இந்த வயதில் தன்னை அடக்கிச் சபைக்கு இவ்வளவு சேர்க்கிறாளே, அப்படி என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். காது சிவந்திருந்தது. மறுவாரம் பை இன்னும் கனத்தது.

என் மனைவி யோன்ஹ்வா இறந்து அப்போது பதினான்கு மாதம். இரைப்பையில் புற்று. நோய் இன்னதென்று தெரியாத மாதங்களில் அவள் இளைத்துக்கொண்டே போனாள். சபை வாசலில் பெண்கள் அவளை நிறுத்தி, எப்படி இப்படி அழகாகிவிட்டாய் என்று ரகசியம் கேட்டார்கள். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

தனியானபின் ஒருவனுக்கு மட்டும் அரிசி வாங்கக் கற்றுக்கொண்டேன். மதியச் சாப்பாடு அலுவலகத்தில். காலைக்கும் இரவுக்கும் வாரத்துக்கு ஒன்றேகால் கிலோ. அந்த எடை கைக்குப் பழகியிருந்தது. அக்டோபர் முதல் ஞாயிறு, வாசலில் நாரேயின் பையைத் தூக்கிப் பெட்டியில் போட்டபோது கைக்குத் தெரிந்துவிட்டது. அது ஒரு ஆளின் ஒரு வாரச் சாப்பாடு.

பள்ளியில் மதியம் என்ன செய்கிறாள் என்று அவளோடு படிக்கும் பெண்ணிடம் விசாரித்தேன். உபவாச ஜெபம் என்று சொல்லித் தட்டை மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுகிறாளாம்.

புதன்கிழமை பார்லருக்குப் போனேன். மேங் அம்மா ஒரு பெண்ணின் தலைக்கு ரோலர் சுற்றிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"நான் வீட்டுக்குப் போறப்ப பாத்திரமெல்லாம் கழுவி வெச்சிருப்பா. சாப்பிடாமலா கழுவறா?"

"கழுவின பாத்திரத்தத்தான் பாக்கறீங்க. அவ சாப்பிட்டு எப்பப் பாத்தீங்க?"

அவர் ரோலரை இறுக்கினார். அந்தப் பெண் முகம் சுளித்தாள்.

"இப்பத்தான் சார் அவ முகமே சின்னதாகி லட்சணமா வந்திருக்கு. பரீட்சை முடிஞ்சதும் கண்ணு பெருசாத் தெரிய இமைக்கு ஆபரேஷன் பண்ணித் தரேன்னு சொல்லியிருக்கேன். கெடுக்கறதுக்குன்னே வர்றீங்களா?"

மருத்துவரிடம் காட்டுங்கள் என்றேன். அவர் சீப்பைக் கீழே வைத்தார்.

"பொண்டாட்டிக்கு என்ன வியாதின்னே தெரியாம உக்காந்திருந்த ஆளு. இங்க வந்து எம் பொண்ணுக்கு வியாதி கண்டுபிடிக்கிறாரு."

நாற்காலியில் இருந்தவள் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். எனக்குக் கோபம் வரவில்லை. உண்மைதானே.

"அதனாலதான் வந்தேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அடுத்த ஞாயிறு நாரே பையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். படியேறியதில் மூச்சு வாங்கியது. நான் பெட்டியின் முன்னால் நின்றேன். அவள் நீட்டிய பையை வாங்கி, அவள் கையிலேயே திரும்ப வைத்தேன்.

"இது உன் சாப்பாடு. வீட்டுக்குக் கொண்டு போ."

"இது காணிக்கை, சார்."

"இல்ல."

"கர்த்தருக்குக் குடுக்கறத வேணாம்னு சொல்ல நீங்க யாரு?"

சபை மூப்பர் கீ வந்துவிட்டார். அறுபது வருடத்தில் இந்த வாசலிலிருந்து ஒருவருடைய அரிசியும் திரும்பிப் போனதில்லை என்றார். எனக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள் என்றார். துக்கத்தில் மூளை குழம்பியவனையெல்லாம் வகுப்பெடுக்க விட்டது போதகரின் தவறு என்றும் சொன்னார். பையை அவர் ஒரு பக்கம் பிடித்தார். நான் விடவில்லை. முடிச்சு அவிழ்ந்து அரிசி படியெல்லாம் கொட்டியது. பெண்கள் குனிந்து பொறுக்கினார்கள். நானும் குனிந்தேன். நீங்கள் தொட வேண்டாம் என்றாள் ஒருத்தி.

வகுப்புக்குப் போனேன். போன மாதம் நான் சொன்னது தவறு என்று பிள்ளைகளிடம் சொன்னேன். பிறகு, இறந்துபோன பன்னிரண்டு வயதுப் பெண்ணை இயேசு எழுப்பிய கதையைச் சொன்னேன். எல்லோருக்கும் தெரிந்த கதை. அவள் எழுந்ததும் அவர் அவளைச் சாட்சி சொல்லச் சொல்லவில்லை. காணிக்கை கேட்கவில்லை. பிள்ளைக்குச் சாப்பாடு கொடுங்கள் என்று பெற்றவர்களிடம் சொன்னார், அவ்வளவுதான் என்றேன். அவளுடைய முகம் எப்படி இருந்தது என்று எங்கும் எழுதவில்லை. யாரும் அதைக் கேட்கவும் இல்லை.

"நீ கொண்டுவர்ற பைக்காக அவர் உன்ன நேசிக்கல" என்று நாரேயைப் பார்த்துச் சொன்னேன். "வெறுங்கையோட வந்தாலும் நேசிப்பார். குண்டாயிட்டாலும்தான்."

பின்வரிசையில் சிரித்தார்கள். நாரே சிரிக்கவில்லை.

"அந்தப் பொண்ணு செத்துப்போனவ சார். நான் நல்லாத்தானே இருக்கேன். உங்களுக்குப் பாக்கறவங்க எல்லாம் உங்க வீட்டுக்காரம்மாவாத் தெரியுதா?"

சிரிப்பு நின்றது.

"ஆமா" என்றேன்.

சாப்பாட்டு நேரத்தில் மேங் அம்மா கீழ்த்தளத்துக்கு வந்தார். படியில் நடந்தது அவர் காதுக்குப் போயிருந்தது. நூறு பேருக்கு முன்னால் தன் மகளை அவமானப்படுத்தியவன் இனி வகுப்பெடுக்கக் கூடாது என்றார். போதகர் யாரையும் பகைக்காமல் இரண்டு பக்கமும் தலையாட்டினார். மருத்துவரிடம் காட்டினால் நான் விலகிக்கொள்கிறேன் என்றேன். அது மேங் அம்மாவை இன்னும் கிளப்பிவிட்டது. ஒரு கிண்ணம் சோறும் முள்ளங்கி சூப்பும் வாங்கிவந்து மகள் முன்னால் வைத்தார்.

"தின்னு காட்டுடி. இந்த ஆளு வாய மூடட்டும்."

நாரே கரண்டியை எடுத்தாள். சோற்றில் விட்டாள். கரண்டி மேலே வரவில்லை. சுற்றியிருந்த மேஜைகளிலிருந்து திரும்பிப் பார்த்தார்கள். மேங் அம்மா இன்னொரு தடவை சொன்னார், இந்தத் தடவை மெதுவாக. நாரே கரண்டியை இன்னும் அழுத்திப் பிடித்தாள். சட்டைக்கை விலகி, மணிக்கட்டு எலும்பும் அதன்மேல் பூனைமுடியும் தெரிந்தன. மேங் அம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"எத்தன நாளாடி?"

நாரே தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அப்படி ஒரு வெறுப்பை அதற்குமுன் யார் கண்ணிலும் நான் பார்த்ததில்லை.

"நீங்க போனாச் சாப்பிடுவேன். வகுப்புலேர்ந்து மட்டும் இல்ல. இந்தச் சபையிலயே இருக்கக் கூடாது."

"டாக்டர்கிட்டயும் போகணும்."

"போறேன். நீங்க மொதல்ல கெளம்புங்க."

அது பிள்ளை கோபத்தில் சொல்வது என்று போதகர் சமாதானம் சொல்லப் பார்த்தார். நான் வருகைப் பதிவேட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். யோன்ஹ்வாவோடு ஆறு வருடம் வந்த சபை. அவளை அடக்கம் பண்ணியதும் இவர்கள்தான்.

"சரி" என்றேன் நாரேயிடம்.

அவள் நம்பவில்லை. நான் மேல்கோட்டைப் போட்டுக்கொண்டேன். அதன்பின் கரண்டியில் கால்வாசிச் சோறெடுத்து வாயில் வைத்தாள். நெடுநேரம் மென்றாள். கண்ணில் நீர் வழிந்தது. மேங் அம்மா அவள் முதுகில் கை வைத்தார், அவள் தட்டிவிட்டாள். அவள் அதை விழுங்கும்வரை நின்றேன்.

"இன்னும் என்ன பாக்கறீங்க?" என்றாள்.

படியேறி வெளியே வந்தேன்.