ஒன்பதாம் மனை வழியாக

நெல்டா கிராப்ட்ரீ பள்ளிப் பேருந்து ஓட்ட ஆரம்பித்து இருபத்திரண்டு வருடம். அமெரிக்காவின் டென்னசி மலையடிவாரத்தில் மில் ரோட்டு மேட்டை அவள் அளவுக்குத் திட்டினவர்கள் யாரும் கிடையாது. மேடு என்றால் அப்படி ஒரு மேடு. ஏறி முடிக்கும்வரை அந்தப் பக்கம் என்ன நிற்கிறது என்று கடவுளுக்குத்தான் தெரியும். ஒரு பிள்ளையை இறக்கிவிட அவள் வண்டியை நிறுத்தினால், பின்னால் வருகிறவன் மேட்டின் உச்சிக்கு வந்த பிறகுதான் மஞ்சள் பேருந்தையே பார்ப்பான். இதைப் பற்றி மாவட்ட அலுவலகத்துக்கு மூன்று கடிதம் எழுதினாள். ஒன்றுக்கும் பதில் இல்லை. கை வலித்ததுதான் மிச்சம்.

அதில் ஒரு கடிதம் தன் மகள் வயிற்றிலேயே அடிக்க வந்து நிற்கும் என்று அவள் கண்டாளா?

மில் ரோட்டுக்கும் டிப்போ ரோட்டுக்கும் நடுவில் மேப்பிள் பார்க். பெயர்தான் பார்க்; இருப்பது, லாரியில் இழுத்து வந்து இறக்கிய அறுபது டிரெய்லர் வீடுகள். வீடு அவரவருக்குச் சொந்தம், அது உட்கார்ந்திருக்கும் மனை மட்டும் வாடகை. நெல்டா இருபத்தேழு வருடமாக ஒன்பதாம் மனையில் இருக்கிறாள். பார்க்கின் சொந்தக்காரர் ராய்ஸ், மில் ரோட்டை ஒட்டிய புல்வெளியையும் வாங்கி, மேட்டருகே வழி விட்டு, இன்னும் நாற்பது வீடு வைக்கப் பார்த்தார். அது விவசாய நிலம். குடியிருப்பு நிலமாக மாற்ற மாவட்டத் திட்டக் குழு சம்மதிக்க வேண்டும்.

அதில் முதல் மனை நெல்டாவின் மகள் ஷானாவுக்கு என்று ராய்ஸ் வாக்குக் கொடுத்திருந்தார். ஷானா இருந்த பார்க்கை எவனோ கிடங்கு கட்ட வாங்கிவிட்டான். ஆகஸ்டுக்குள் வீட்டை எடுத்துக்கொண்டு போ என்று நோட்டீஸ் வந்துவிட்டது. எங்கே போவது? அடியில் சக்கரம் இருந்தால் போதுமா, இறக்கி வைக்க ஓர் இடம் வேண்டாமா? ஏழு பார்க்கில் கேட்டாயிற்று, ஏழிலும் கையை விரித்துவிட்டார்கள். இங்கேயும் இல்லையென்றால், ஓவர்டைம் பார்த்துப் பார்த்து வாங்கிய வீட்டை உடைத்துப் போட்டுவிட்டு, புருஷனும் இரண்டு பிள்ளைகளுமாக நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான். நெல்டாவின் வீட்டிலோ ஒரே ஒரு படுக்கையறை.

மில் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் ஸ்டோன்கேட் என்று செங்கல் வீடுகள். ஒரே வாரத்தில் அங்கே ஒவ்வொரு வீட்டுப் புல்தரையிலும் ‘டிரெய்லர் பார்க் வேண்டாம்’ என்று பலகை முளைத்தது. எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றவள் பாட்ரிஸ் ஹோல்கம். அவள் மகன் நெல்டாவின் பேருந்தில்தான் போய்வருகிறான். ஒரு நாள் காலை, பையனை ஏற்றிவிட்டுப் படியருகே நின்றாள்.

“மிஸ் நெல்டா, தப்பா எடுத்துக்காதீங்க. நாங்க உங்களையா சொன்னோம்?”

“பின்னே யாரைச் சொன்னீங்க? அறுபது வீட்ல என் வீட்டைக் கழிச்சுட்டு மிச்சத்தையா?”

பாட்ரிஸ் முகம் சிவந்தது. “எனக்கு என் பையனைப் பத்தித்தான் பயம். நாற்பது வீடுன்னா எண்பது காரு. அத்தனையும் அந்த மேட்டுக்குப் பக்கத்துல வந்து ஏறும். நீங்களே சொல்லுங்க.”

நெல்டா கதவை மூடி வண்டியை எடுத்தாள். அந்தப் பெண் சொன்னதில் பொய் இல்லை.

மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மாலை ஆறு மணிக்கு நீதிமன்றக் கட்டிடத்தில் திட்டக் குழுவின் கூட்டம். உட்கார இடமில்லை. மைக் முன்னால் பெயரையும் முகவரியையும் சொல்லிவிட்டு ஆளுக்கு மூன்று நிமிடம் பேசலாம். ஸ்டோன்கேட்டிலிருந்து வந்த கிரேடி மாஸ் முதலில் எழுந்தார்.

“சக்கரம் வெச்ச வீட்ல இருக்கறவங்க இன்னிக்கு இருப்பாங்க, நாளைக்குப் போயிடுவாங்க. ஊர் மேல அவங்களுக்கு என்ன ஒட்டு?”

கை தட்டினார்கள். பேசின ஆள் அந்த ஊருக்கு வந்து முழுசாக இரண்டு வருடம் ஆகவில்லை! நெல்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்து பாட்ரிஸ். கையில், மாவட்ட அலுவலகக் கோப்பிலிருந்து நகலெடுத்த ஒரு தாள். “இது நான் எழுதினது இல்லை. மில் ரோட்டுல பஸ் ஓட்டறவங்க எழுதினது” என்று சொல்லி வாசித்தாள். “‘இந்த மேட்டருகே புதிதாக எந்த வழியும் திறந்துவிடாதீர்கள். திறந்தால் ஒரு பிள்ளையை ரோட்டிலிருந்து நான்தான் அள்ள வேண்டிவரும்.’”

குழுத் தலைவர் ஆர்லன் டிப்டன் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். நெல்டாவோடு ஒரே வகுப்பில் படித்தவர்.

“மிஸஸ் கிராப்ட்ரீ, இது நீங்க எழுதினதுதானா? முன்னால வந்து சொல்லுங்க.”

பின்வரிசையிலிருந்து ராய்ஸ் அவள் தோளைத் தொட்டார். “அது பழைய கதை, இப்போ ஒண்ணும் பயமில்லைன்னு சொல்லிடு. ஒரே வார்த்தை. ஷானாவை நினைச்சுக்கோ.”

ஷானாவை நினைக்காமல் வேறு யாரை நினைத்துக்கொண்டு நடந்தாள்? பதினைந்து அடி நடந்து மைக்கைப் பிடித்தாள்.

“நெல்டா கிராப்ட்ரீ. மேப்பிள் பார்க், மனை ஒன்பது. எழுதினது நான்தான்.”

“இப்பவும் அப்படித்தான் நினைக்கறீங்களா?”

“ஆமா. போன வாரம்கூட ஒருத்தன் என் பஸ்ஸை உரசாத குறையாப் போனான். அந்த மேட்டுல வழி வைக்கவே கூடாது.”

ராய்ஸ் தலையில் கை வைத்துக்கொண்டார். ஸ்டோன்கேட்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காரியம் முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். நெல்டா நகரவில்லை.

“எனக்கு இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு, ஆர்லன்.”

“இருக்கு, இருக்கு. பேசு.” மரியாதையெல்லாம் அவருக்கே மறந்து போயிற்று.

“வழி மில் ரோட்டுலேர்ந்துதான் வரணுமா? டிப்போ ரோடு நேர் ரோடு. வர்ற காரு அரை மைலுக்கு முன்னாலயே கண்ணுக்குத் தெரியும். அங்கேருந்து விடுங்க.”

மாவட்ட இன்ஜினியர் வரைபடத்தைப் புரட்டினார். “அதையும் பார்த்தோம்மா. பார்க்குக்குள்ள ஒரு வரிசை வீடு குறுக்கே அடைச்சுக்கிட்டு நிக்குது.”

“வரிசையெல்லாம் அடைக்கலை. ஒரே ஒரு வீடுதான். அது என் வீடு. அதை எடுத்துட்டா நாற்பது அடி அகலத்துக்கு வழி கிடைக்கும். ஞாயித்துக்கிழமை நானே அளந்து பார்த்தேன். சொல்லத்தான் தைரியம் வரலை.”

ராய்ஸ் துள்ளி எழுந்தார். “பைத்தியமா உனக்கு? அது எழுபத்து நாலாம் வருஷத்து வீடு. கிளப்பினா வேற எங்கேயும் இறக்கி வைக்கச் சட்டம் விடாது. உடைக்கத்தான் வேணும்!”

“எனக்குத் தெரியாதா? உடைங்க.”

குரல் ஆடவில்லை. புருஷன் கண்ணை மூடினது அந்த வீட்டில், ஷானா நடக்கப் பழகினது அந்த வீட்டில். ஒரே ஒரு பொய் சொல்லியிருந்தால் வீடும் தங்கியிருக்கும், மகளுக்கு மனையும் கிடைத்திருக்கும். கேட்பார் யார்? பெண் என்றால் இவளல்லவா பெண்!

ஆர்லன் கண்ணாடியைக் கழற்றினார். “அப்புறம் நீ எங்கே இருப்பே, நெல்டா?”

“என் மக வீட்ல. அந்த வீடு எங்கே இருக்கும்னு நீங்கதான் சொல்லணும்.”

பிறகு பாட்ரிஸ் இருந்த இடத்திலேயே எழுந்து நின்றாள்.

“வழி டிப்போ ரோடுன்னா எனக்கு மறுப்பு இல்லை.”

“என்ன பாட்ரிஸ், இப்படிக் கவுத்துட்டீங்க!” கிரேடி பாய்ந்தார். “நம்ம வீட்டு விலை என்ன ஆகும்?”

“நான் பிள்ளைங்களுக்காகத்தான் பேசினேன். உங்களுக்கு வீட்டு விலைதான் கவலைன்னா அதை முதல்லயே சொல்லியிருக்கணும், கிரேடி. என் பையனை முன்னால நிறுத்தியிருக்கக் கூடாது.”

அவளையும் மெச்சத்தான் வேண்டும். நாளைக்கு அந்தத் தெருவில் பாதிப் பேர் அவளிடம் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். தெரிந்தேதான் சொன்னாள்.

வாக்கெடுப்பில் குழுவினர் ஐந்து பேர் சம்மதித்தார்கள், இரண்டு பேர் மறுத்தார்கள். நிபந்தனை ஒன்றே ஒன்று: வழி டிப்போ ரோட்டிலிருந்து, ஒன்பதாம் மனை வழியாக.

நெல்டா வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து மகளைக் கூப்பிட்டாள். ஷானா கோழி இறைச்சித் தொழிற்சாலையில் மாலை ஷிப்டில் இருந்தாள். முதல் மணியிலேயே எடுத்தாள்.

“அம்மா, என்னாச்சு? வேண்டாம்னுட்டாங்களா?”

“சரின்னுட்டாங்க கண்ணு. முதல் மனை உனக்குத்தான்.”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் அழுகைச் சத்தம்தான் கேட்டது. இயந்திர இரைச்சலுக்கு நடுவில் யாரோ ‘என்ன, என்ன’ என்று விசாரித்தார்கள்.

“அழாதடீ. உங்க வீட்ல அந்தக் கோடி ரூம் சும்மாதானே கிடக்கு?”

“தையல் மெஷின் கிடக்கு. ஏம்மா?”

“அதைக் கூடத்துக்கு மாத்திடு. ஒரு கட்டில் போடணும்.”

“கட்டிலா? யாருக்கும்மா?”

நெல்டா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “எனக்குத்தான்டீ” என்றாள்.