பஞ்சாரத்துக்குள் எச்.எம்.

1

இந்தக் கதை மாடி ஜன்னலிலிருந்து திருடியது. திருக்காட்டுப்பள்ளியில் நான் குடியிருக்கும் வீட்டுக்குச் சொந்தக்காரர் ஈஸ்வரி. கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். மன்னார்குடியில் தன் அக்கா வளர்த்த நாலு இளங்கோழிகளைக் கொண்டுவந்து, தன் பழைய கோழிகளோடு கொல்லையில் விட்டார்.

கொல்லையின் மூத்த கோழிக்கு எச்.எம். என்று பெயர். (ஈஸ்வரியின் பள்ளித் தலைமையாசிரியைக்கும் இதே நடையாம்.) அது நேராக வந்து, நாலில் இளைத்திருந்த செவலையின் உச்சந்தலையில் கொத்தியது. ரத்தம். எனக்கு வருத்தமாக இருந்தது. கதை கிடைத்துவிட்டதே என்று அதைவிடச் சந்தோஷமாகவும் இருந்தது.

2

"காவிரியில் தண்ணீர் வந்த அன்று காலை..." (வேண்டாம். இந்தப் பக்கத்தில் தண்ணீர் வராமல் ஒரு கதையும் ஆரம்பிப்பதில்லை.)

"அதிகாரம் என்பது அடிப்படையில்..." (கட்டுரை. கோழியே எழுந்து போய்விடும்.)

"செவலை பசியோடு" (முடிக்க மனம் வரவில்லை. கீழே அது நிஜமாகவே பசியோடுதான் நின்றது. எச்.எம். தீனித் தட்டருகே அண்டவிடவில்லை.)

3

ஈஸ்வரி சும்மா இருக்கவில்லை. இரண்டு இடத்தில் தீனி வைத்தார், இரண்டையும் எச்.எம். ஒற்றை ஆளாகக் காவல் காத்தது. நடுவில் வலை கட்டி, பார்த்துப் பழகட்டும் என்று விட்டார். பழகின மாதிரிதான் இருந்தது. வலையை எடுத்ததும் பழைய கதை. கடைசியில் மஞ்சளைக் குழைத்துப் பெரிசு சிறிசு பாராமல் எல்லாவற்றுக்கும் பூசிவிட்டார்.

"யாரு பழசு, யாரு புதுசுன்னு இப்ப கண்டுபிடிக்கட்டும் பாப்போம்," என்றார்.

நான் டீ குடித்து முடிப்பதற்குள் எச்.எம். கண்டுபிடித்துவிட்டது.

எனக்கு ஒரு சந்தேகம். ஒரு கோழி இவ்வளவு கெட்டதாக இருக்குமா? வில்லி என்றால் ஒரு சோகம் வேண்டுமே என்று, அடைகாத்த முட்டையெல்லாம் கூமுட்டையாகிப்போன பழங்கதை ஒன்றைக் கட்டினேன். படித்துக்காட்டியபோது ஈஸ்வரியின் கணவர் தியாகேசன் சிரித்தார். "அதுக்கு ஒரு கொறையும் இல்லீங்க. கொழுப்புதான்."

4

கதையில் செவலையைக் கொன்றேன். அழகான சாவு, ஒன்றரைப் பக்கம். பிரிண்ட் எடுக்க ஈஸ்வரி கடைக்கே போனேன் பாருங்கள், அதுதான் என் புத்திசாலித்தனம். தாள் வர வர அவர் படித்தார். பாதியில் மிஷினை நிறுத்தினார்.

"என்னங்க சார் இது? உசுரோட இருக்கறதப் போயி..."

"கதைதாங்க."

"உங்க வாய்முகூர்த்தம் பலிச்சிருச்சுன்னா? அக்கா வீட்டக் காலி பண்ணிட்டு, மகளோட துபாய்க்குப் போயிட்டா. என்னை நம்பித்தான் விட்டுட்டுப் போயிருக்கா. போன் போட்டா முதல்ல செவலையத்தான் கேக்குறா. நான் என்ன சொல்லுவேன்?"

கண் கலங்கிவிட்டது அவருக்கு.

அன்று சாயங்காலம் எச்.எம்.மைப் பிடித்துப் பஞ்சாரத்தைப் போட்டுக் கவிழ்த்தார்.*

"கொஞ்ச நாள் உள்ள கெடக்கட்டும். வெளிய வரும்போது அதுதான் புதுசு."

(* மூங்கில் கூடை. வழக்கமாக அடிபட்டதைத்தான் உள்ளே வைத்துக் காப்பாற்றுவோம். அடித்ததை உள்ளே வைக்கலாம் என்று எங்கள் யாருக்கும் அதுவரை தோன்றவில்லை.)

5

கொல்லை அமைதியானது. செவலை தின்றது, மண்ணில் புரண்டது. என் கதை நின்றுவிட்டது. அடிக்க ஆளில்லாத கதையில் எதை எழுதுவது?

முடிவுகளை யோசித்தேன். எச்.எம். திருந்துகிறது. (பாடப்புத்தகம்.) செவலையே அடுத்த எச்.எம். ஆகிறது. (இதைத்தான் எதிர்பார்த்தீர்கள். தரமாட்டேன்.) தியாகேசன் சொன்ன முடிவில் மிளகு நிறைய இருந்தது.

6

இன்று ஈஸ்வரியும் தியாகேசனும் மயிலாடுதுறைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார்கள். கிளம்பும்போது ஈஸ்வரி மாடியைப் பார்த்துச் சொன்னார்: "சார், செவலைக்குப் புண்ணு இன்னும் ஆறல. நான் வர்றவரைக்கும் பஞ்சாரத்தத் தொடாதீங்க."

நான் கொல்லையில் நிற்கிறேன், பஞ்சாரத்தின் மேல் கையை வைத்தபடி. உள்ளே எச்.எம். சத்தமே காட்டவில்லை. செவலை பக்கத்திலேயே நெல் பொறுக்குகிறது. தூக்கினால் கதை நகரும். தூக்காவிட்டால் ஒரு கோழி நிம்மதியாகத் தின்னும், அவ்வளவுதான்.

உண்மையைச் சொல்லுங்கள். இன்னும் ஒரு கொத்தாவது விழும் என்றுதானே இவ்வளவு தூரம் படித்துக்கொண்டு வந்தீர்கள்?

நான் கையை எடுத்துவிட்டேன். நீங்கள் வையுங்கள். தூக்குவதானால் தூக்குங்கள், ஈஸ்வரி வந்து கேட்டால் உங்கள் பெயரைத்தான் சொல்லுவேன்.