கோலா தெர்லாக்காரி

கத்தரீன் கூடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். பந்து அவள் இரண்டு கைகளுக்குள்ளும் இருந்தது. எதிரே நான், பக்கத்தில் வேலாயி. எப்படியும் திரும்பித்தானே ஆகவேண்டும் என்று இரண்டு பேரும் காத்திருந்தோம். அவள் திரும்பவே இல்லை. கொழுந்து பறிக்கிறவள் கை நிறைந்ததும் தோளுக்கு மேலாக முதுகுக் கூடையில் போடுவாளே, அதே மாதிரி கண்ணால் பார்க்காமல் பந்தைத் தலைக்குப் பின்னால் விட்டாள். அது கம்பத்தில் கட்டியிருந்த கூடைக்குள் விழுந்து அடிவழியாக வந்தது. அன்று அவள் போட்ட ஒன்பதாவது பந்து அது. எங்கள் தோட்டம் மொத்தமும் சேர்ந்து போட்டது நான்கு. அதில் மூன்று நான் போட்டவை. நாலாவது, வேலாயி யாருக்கோ எறிந்தது தவறிப்போய் உள்ளே விழுந்தது. அதை அவள் இன்றுவரை ஒப்புக்கொள்வதில்லை.

எங்கள் மலைக்கு ஜப்பான்காரன் வந்து இரண்டாவது வருஷம். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பங்களாவில் புதுத் துரை ஒருவன் இருந்தான். படிக்கிற காலத்தில் பந்து விளையாடியவனாம். கொழுந்து அரைக்கிற ஸ்டோருக்கு முன்னால் இருந்த சமதரையில் இரண்டு கம்பம் நட்டு, இரும்பு வளையம் கிடைக்காமல், அடியை அறுத்த கொழுந்துக் கூடைகளைக் கட்டச் சொன்னான். மேற்குக் கம்பத்தில் தொங்கியது என் கூடைதான். மூன்று வருஷம் என் முதுகில் இருந்தது. நைந்துபோனதே என்று திருப்பிக் கொடுத்திருந்தேன், அது எனக்கு முன்னால் பெரிய உத்தியோகத்துக்குப் போய்விட்டது.

விளையாட ஆண்களைத்தான் தேடினான். எங்கே இருக்கிறார்கள்? திடமானவர்களை எல்லாம் ரயில் பாதை போட சயாமுக்கு ஏற்றிப்போயிருந்தார்கள். வேலாயியின் புருஷன் சிங்காரமும் அதில் போனவர்தான். ஒரு கடுதாசி கிடையாது. மிச்சமிருந்தவர்கள் ஸ்டோரிலும், மரவள்ளி நடக் காடு வெட்டுகிற வேலையிலும் இருந்தார்கள். அதனால் பெண்கள் விளையாடட்டும் என்று சொல்லிவிட்டான். பொம்பளைங்க பந்துக்குப் பின்னால் ஓடினால் கொழுந்து யார் எடுப்பது என்று கருப்பையா கங்காணி நாலு நாள் முணுமுணுத்தார். ஐந்தாம் நாள் முதல் ஆளாக வந்து உட்கார்ந்துகொண்டார். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கோலா தெர்லாத் தோட்டத்தோடு பெரிய ஆட்டம், ஜெயிக்கிறவர்களுக்கு இரண்டு மூட்டை அரிசி என்று துரை அறிவித்த பிறகு, தோட்டத்தில் வேறு பேச்சே இல்லாமல் போனது. வேகவைத்த மரவள்ளி, காயவைத்த மரவள்ளி, இடித்த மரவள்ளி என்று தின்று நாக்கு செத்திருந்த காலம். அரிசி என்ற சொல்லைக் கேட்டாலே பசித்தது.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நான் குள்ளம். ஓடத் தெரியாது, குறுக்கே பாய்ந்து தடுக்கத் தெரியாது. பந்தைக் கூடையில் போட மட்டும் தெரியும். முதல் பந்து விழுந்தபோது நாங்கள் குடியிருந்த வரிசை வீட்டு லயமே சேர்ந்து "டோரீன்! டோரீன்!" என்று கத்தியது. அதுவரை என் பெயரை யாராவது கத்தியிருந்தால் அது பெரட்டுக்கு, காலையில் வரிசையில் நிற்கவைத்துப் பேர் கூப்பிடுகிறார்களே அதற்கு, நேரமாகிவிட்டது என்பதற்காகத்தான் இருக்கும். அந்தச் சத்தம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ராத்திரி படுத்தால் காதில் கேட்கும்.

பெரிய ஆட்டத்துக்கு முன் பழகிப் பார்க்க அவர்களோடு ஆடி ஒன்பதுக்கு நாலு என்று தோற்ற மறுநாள், தேயிலை நிரையில் பக்கத்தில் நின்று பறித்துக்கொண்டே வேலாயி விஷயத்தை எடுத்தாள். கோலா தெர்லா டீம் என்பதே கத்தரீன் ஒருத்திதான், அவளை இங்கே கொண்டுவந்துவிட்டால் அரிசி நம் அரிசி என்றாள். எந்தத் தோட்டத்துப் பெரட்டில் பேர் இருக்கிறதோ அந்தத் தோட்டத்துக்குத்தான் விளையாடலாம் என்பது துரை போட்ட சட்டம். இங்கேயோ ஆள் பற்றாக்குறை. வந்தால் அன்றைக்கே பேர் பதிந்துகொள்வதாகக் கங்காணியும் சொல்லிவிட்டாராம்.

"ஆனா ஆட்டம் தெரிஞ்சா மட்டும் போதாது டோரீனு. நம்மளோட சேந்து போறவளான்னு பாக்கணும். நீதான் வந்து பாத்துச் சொல்லணும்" என்றாள் வேலாயி.

களத்தில் ஐந்து பேர்தான். அவள் உள்ளே வந்தால் யார் வெளியே போவது என்று கேட்கத் தேவையே இல்லை, கூடையில் போட மட்டும் தெரிந்த நான்தான். அது வேலாயிக்கும் தெரியும். தெரிந்துதான் என்னிடம் கேட்டாள். வேண்டாம் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் அதோடு முடிந்தது. சொல்வதற்குக் காரணமும் கையில் இருந்தது. அந்த ஆட்டம் முழுக்கக் கத்தரீன் தன் ஆட்கள் யாருக்கும் ஒரு பந்துகூடக் கொடுக்கவில்லை. இப்படிப்பட்ட தன்னலக்காரி நமக்குச் சரிப்பட மாட்டாள் என்று சொல்லப்போகும் வாக்கியத்தை அன்று சாயங்காலமே தயார் செய்து வைத்துக்கொண்டேன்.

என் அண்ணன் தோமஸ் தோட்டத்தில் பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் லோரி ஓட்டினார். அதனால்தான் சயாமுக்குத் தப்பினார். திரிங்காப்பில் காய்கறி ஏற்றப் போகும்போது எங்களைக் கோலா தெர்லாவரை கொண்டுபோய் விடுவதாக அவராகவே சொன்னார். கேட்காமல் ஒரு குடம் தண்ணீர் தூக்காத மனிதர். சனிக்கிழமை காலையில் பார்த்தால், கோவிலுக்கு மட்டும் போடும் வெள்ளைச் சட்டையை இஸ்திரிப் பெட்டி போட்டு மாட்டிக்கொண்டு நிற்கிறார். கரி அள்ளிப் போடப் போகிறவருக்கு வெள்ளைச் சட்டை எதற்கு என்றேன். மற்றது காயவில்லை என்றார். வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போகக் கூடாது என்று வேலாயி ஒரு சீப்பு வாழைப்பழமும் வெற்றிலை பாக்கும் தட்டில் வைத்து, துணி போட்டு மூடி எடுத்து வந்தாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அங்கே பறிப்பு நடந்துகொண்டிருந்தது. ரோட்டோரத்தில் நின்று பார்த்தோம். மஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கத்தரீனைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. இரண்டு கையாலும் பறித்தாள், வேகமாக, ஆனால் அடித்துப் பிடிக்கிற வேகம் இல்லை. அடுத்த நிரையில் நிறைமாசக்காரி ஒருத்தி இடுப்பைப் பிடித்துப் பிடித்துப் பறித்துக்கொண்டிருந்தாள். நான் குற்றம் தேடத்தான் போனேன், அதனால் கண்ணை எடுக்காமல் பார்த்தேன். கத்தரீனின் கை இரண்டு முறை தன் தோளுக்கு மேல் போனது. மூன்றாவது பிடி பக்கவாட்டில் பறந்து அந்தப் பெண்ணின் கூடையில் விழுந்தது. மறுபடி இரண்டு பிடி தனக்கு, மூன்றாவது அவளுக்கு. ஒரு தடவையும் திரும்பிப் பார்க்கவில்லை, ஒரு இலையும் கீழே விழவில்லை. அந்தப் பெண்ணும் கவனிக்காத மாதிரியே பறித்துக்கொண்டிருந்தாள். தயார் செய்து வைத்திருந்த வாக்கியம் இனி உதவாது. கோபம்கூட வந்தது. கெட்டவளாக இருந்து தொலைத்திருக்கலாமே என்று இருந்தது.

கொழுந்து நிறுவை முடிந்து அவள் லயத்துக்கு வரும் வழியில் பிடித்துக்கொண்டேன். நேராகவே கேட்டேன். "அன்னிக்கு ஏன் ஒருத்திக்கும் பந்து குடுக்கல?"

அவள் நடையை நிறுத்தாமல் சொன்னாள். "மொத ஆட்டத்துல குடுத்தேங்கா. அவங்க நாலு பேரும் மரவள்ளிக்குக் காடு வெட்டுறவங்க. கையெல்லாம் வெடிச்சுக் கெடக்கு. பந்து பட்டா ரத்தம் வருது. அதான் நானே வச்சுக்கிட்டேன்."

சும்மா கூடவே நடந்தேன்.

அவள் வீட்டு வாசலுக்கு எங்களுக்கு முன்பே விஷயம் போய்ச் சேர்ந்திருந்தது. தட்டில் வெற்றிலை பாக்கு, பழம். வெள்ளைச் சட்டையில் வாட்டசாட்டமான ஒரு ஆள். கூட ஒரு தங்கச்சி, பேச ஒரு பெரிய பொம்பளை. எந்தத் தோட்டத்துக்காரர்கள் பார்த்தாலும் என்ன நினைப்பார்களோ அதைத்தான் அந்த லயமும் நினைத்தது. பாய் விரித்துவிட்டார்கள். கதவோரம் பத்துப் பெண்கள். கத்தரீனை அவள் அம்மா பின்கட்டுக்கு இழுத்துப் போய் முகம் கழுவ வைத்து, தலையில் ஏதோ பூவைச் செருகி, வறுத்த சோளத்தில் போட்ட கோப்பியோடு அனுப்பினார். பந்தைப் பார்க்காமலே எறிகிறவள், டம்ளர்களை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து வைத்தாள். பையன் ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்கு ஒழுங்காகப் போவாரா என்று அந்த அம்மா கேட்ட பிறகுதான் எனக்கு மண்டையில் ஏறியது.

வேலாயி மறைக்கத் தெரியாதவள். நாங்கள் வந்தது பெண் கேட்க அல்ல, மகளைப் பந்து விளையாடக் கேட்க வந்தோம் என்று போட்டு உடைத்துவிட்டாள். கதவோரத்துச் சிரிப்பெல்லாம் நின்றது. அந்த அம்மா மகளின் தலையில் இருந்த பூவை ஒரு முறை பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார். அவர் புருஷனும் சயாமுக்குப் போனவர்தான். ஆண் துணை இல்லாத வீட்டில், ஊர் பார்க்க, இப்படி ஒரு தப்பு. எனக்கு அந்த இடத்திலேயே புதைந்துபோகலாம் போல இருந்தது.

அப்போது தோமஸ் அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "வேலாயி அக்கா பந்துக்கு வந்துச்சு. என் தங்கச்சியும் பந்துக்குத்தான் வந்துச்சு. நான் பந்துக்கு வரல."

நான் கத்தரீனைப் பார்த்தேன். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஆனால் காது சிவந்திருந்தது. காய்கறி ஏற்றப் போகிறவர் திரிங்காப்போடு திரும்பாமல் ஏன் மாதக்கணக்காகக் கோலா தெர்லாவரை வந்து, இந்த லயத்துக்குக் கீழே இருக்கிற ஓடையில் லோரிக்குத் தண்ணீர் ஊற்றினார் என்பது பின்னால் தெரிந்த கதை. அது அவ்வளவு தண்ணீர் குடிக்கிற லோரியே இல்லை. தப்பாகப் புரிந்துகொண்டவர்கள் அந்த வீட்டுக்காரர்கள் அல்ல, நாங்கள்தான்.

அந்த அம்மா என்னைத்தான் பார்த்தார். அப்பா அம்மா இல்லாத வீட்டில் மாப்பிள்ளைக்குத் தங்கச்சி சொல்வதுதான் வார்த்தை. வேலாயியும் என்னைத்தான் பார்த்தாள். அவள் மெதுவாகக் கேட்டாள், "என்ன டோரீனு, சரிப்படுவாளா?"

லயமே சேர்ந்து என் பெயரைக் கத்துகிற சத்தம் ஒரு நொடி காதில் வந்து போனது. பொறாமையாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மூன்றாவது பிடியைப் பார்த்த பிறகு பொய் சொல்ல வாய் வரவில்லை.

"சரிப்படுவா" என்றேன். "நம்மளவிட நல்லாவே சரிப்படுவா."

பரிசம் பேசும்போது அந்த அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். ஜெயித்தால் ஒரு மூட்டை அரிசி அவர்கள் லயத்துக்கு வரவேண்டும். தோட்டத்துச் சொத்தைப் பரிசமாகக் கொடுக்க நாங்கள் யார்? வேலாயி ஒரு கணம்கூட யோசிக்காமல் சரி என்றாள்.

ஆகமன காலம் பிறந்துவிட்டால் கிறிஸ்துமஸ்வரை கல்யாணம் கிடையாது. உபதேசியார் மூன்று ஞாயிறும் அவசர அவசரமாகக் கோவிலில் கல்யாண ஓலை வாசித்தார், ஆட்சேபணை இருக்கிறவர்கள் சொல்லலாம் என்று அவர் கேட்டபோதெல்லாம் கருப்பையா கங்காணி கூட்டத்தைத் திரும்பி முறைத்தார். அவருக்கும் எங்கள் வேதத்துக்கும் சம்பந்தமே இல்லை, அதற்காகவே வந்திருந்தார். நவம்பர் கடைசியில் கல்யாணம். திங்கட்கிழமை காலைப் பெரட்டில் கத்தரீனின் பேரைக் கூப்பிட்டபோது வரிசை முழுக்கக் கை தட்டினோம். நானும் தட்டினேன். அன்று சாயங்காலம் ஆடிப் பழகும்போது கோட்டுக்கு வெளியே போய் உட்கார்ந்துகொண்டேன்.

பெரிய ஆட்டத்தன்று மழை பெய்து ஓய்ந்திருந்தது. துரை அரிசி மூட்டை ஒன்றின் மேலேயே உட்கார்ந்து பார்த்தான். கோலா தெர்லாக்காரிகள் கையில் துணி சுற்றிக்கொண்டு வந்திருந்தார்கள், ஆனால் ஏமாந்தவர்கள் இல்லை. கத்தரீன் பந்தோடு முதுகைக் காட்டினால் மூன்று பேர் அவளுக்குப் பின்னால் போய்க் கூடைக்கு அடியில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். அவளுடைய வித்தை அவர்களுக்குத் தெரியாததா? ஆட்டம் ஐந்துக்கு ஐந்து என்று சமமாக நின்றபோது, கத்தரீன் வேலாயியின் காதில் ஏதோ சொன்னாள். வேலாயி என்னிடம் வந்தாள்.

"எனக்கு மூச்சு வாங்குது. நீ போ லா" என்றாள். அவளுக்கு ஒரு மூச்சும் வாங்கவில்லை. தானா ராத்தா டவுன்வரை ஓடிவிட்டு வந்தாலும் வாங்காது.

நான் உள்ளே போனேன். பந்து கத்தரீனிடம் வந்தது. அவள் மேற்குக் கூடைக்கு முதுகைக் காட்டினாள். மூன்று பேரும் கம்பத்தடியில் கூடினார்கள். நான் அவளுக்குப் பின்னால், வலது பக்கம் ஓரமாக நின்றேன். அங்கே நிற்கிறேன் என்று அவளுக்குச் சொல்லவில்லை. அவள் கை மேலே போனது, மூன்று பேரும் எம்பினார்கள். பந்து கூடைக்கு வரவில்லை. நிறைமாசக்காரியின் கூடைக்குப் போன மூன்றாவது பிடி மாதிரி பக்கவாட்டில் பறந்து, அளந்து வைத்த மாதிரி என் நெஞ்சுக்கு நேராக என் கையில் விழுந்தது.

மூன்று பேரும் கையைத் தூக்கிக்கொண்டு என் மேல் பாய்ந்தார்கள். நிமிர்ந்தால் முகத்துக்கு முன்னால் துணி சுற்றிய கைகள்தான். நான் குள்ளம், அந்தக் கைகளுக்கு மேலே கூடை தெரியவே இல்லை. பார்த்துத்தான் ஆகவேண்டுமா? மூன்று வருஷம் என் முதுகில் கிடந்த கூடை அது. நான் திரும்பி அதற்கு முதுகைக் காட்டினேன். இரண்டு கையாலும் பந்தைத் தலைக்குப் பின்னால் விட்டேன்.

எதிரே என் அண்ணி, நெற்றியில் சேறு அப்பியிருக்க, கழுத்தை மெல்ல மெல்ல நிமிர்த்திக்கொண்டே எனக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். நான் திரும்பவில்லை. அவள் வாய் கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிப்பாகத் திறப்பதை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன்.