பெருக்கல் குறி மறையும் நேரம்

1
உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை எனக்கு ஒரு பழைய நோட்டுக்குள் கிடைத்தது. மடித்த வரைபடத்தாள்; அதில் ஐந்தைந்து புள்ளிகள், ஒன்றையொன்று தொடாத இரண்டு கோடுகள். ஒரே சோதனைக்கு எதற்கு இரண்டு கோடு? மண்டை காய்ந்துபோய், இரண்டு பெண்களை நானே உண்டாக்கிக்கொண்டேன்.

2
‘மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மாலையில் அக்காவும்...’ சே, மழை எதற்கு? வேண்டாம்.

கல்லூரியின் வேதியியல் ஆய்வகம், பிற்பகல். அக்கா அங்கே இருபது வருடமாக உதவியாளர். தங்கை சேர்ந்து மூன்று வருடம். மாணவர்கள் வருவதற்கு முன் சோதனையை இவர்களே செய்துபார்ப்பது வழக்கம். வெள்ளைத்தாளில் ஒரு பெருக்கல் குறி, அதன்மேல் குடுவை. அதில் இரண்டு கரைசல்களைச் சேர்த்து ஊற்றினால் தெளிந்த நீர் மெல்ல மெல்லப் பாலாய்க் கலங்கும். குறி மறைந்ததும் அக்கா “போச்சு” என்பாள். தங்கை கடிகாரத்தை நிறுத்துவாள். இருபது டிகிரியிலிருந்து அறுபது வரை ஐந்து முறை. சூடு ஏற ஏறக் குறி சீக்கிரம் மறையும். அந்த வேகங்களின் மடக்கையை (log) எடுத்துக் கோடாகப் போட்டால், கோட்டின் சாய்விலிருந்து கிளர்வு ஆற்றல் கிடைக்கும். வினை நடக்க மூலக்கூறுகள் ஏறிக் கடக்கவேண்டிய மேடு அது.

(அக்காவுக்கு இந்த மேஜை என்றால் உயிர். குடுவை கலங்கும்போது, கண்ணைத் திறந்துகொண்டே கனவு காண்பவள் மாதிரி நிற்பாள். எழுதும் எனக்கே பொறாமையாக இருக்கிறது.)

3
அன்று அக்கா தண்ணீர் குடிக்கப் போனபோது... இல்லை, பொய். தங்கைக்குச் சந்தேகம். வேண்டுமென்றேதான் கேட்டாள்.

“இன்னொரு தடவை நான் பாக்குறேன்க்கா. நீ கடிகாரத்தைப் பிடி.”

இரண்டு கோடுகள் வந்தன.

“பாருடி, ரெண்டும் ஒரே சாய்வு. என் விடை சரிதானே?” அக்காவுக்கு வாயெல்லாம் பல்.

“விடை சரிதான்க்கா. ஆனா உன் கோடு முழுசும் மேல நிக்குது. எனக்கு நூறு செகண்ட்ல மறையுறது உனக்கு அறுபதுலயே மறைஞ்சிடுது. எனக்கு அம்பதுன்னா உனக்கு முப்பது. எல்லாச் சூட்டுலயும் இதே விகிதம்தான், அதான் சாய்வு மாறல.” தங்கை வரைபடத்தாளைக் கீழே வைத்தாள். “கண்ணு எப்பலேருந்து இப்படி இருக்கு?”

அக்கா குடுவையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

“ஒரு வருஷமாச்சு. சொன்னா என்னை மேஜைப் பக்கமே விடமாட்டாங்கடி. விடைதான் மாறலையே!”

4
முடிவு ஒன்று: தங்கை துறைத்தலைவரிடம் சொல்லிவிடுகிறாள். வைத்தியம் பார்த்தால் பார்வை திரும்பலாம், திரும்பாமலும் போகலாம்; மேஜை மட்டும் நிச்சயம் போய்விடும்.

முடிவு இரண்டு: தங்கை தாளை மடித்து நோட்டுக்குள் வைத்துவிடுகிறாள். அக்கா அடுத்த வருடமும் “போச்சு” என்பாள், இன்னும் கொஞ்சம் முன்னதாக.

(தாள் மடித்துத்தானே கிடைத்தது என்று என்னை மடக்காதீர்கள். சொன்ன பிறகு பத்திரப்படுத்தவும் மடிப்பார்கள்.)

இரண்டையும் எழுதிப்பார்த்தேன். அக்கா மேல் வைத்த பாசத்தில் இரண்டுமே பாதியில் நின்றுவிட்டன. அதனால் கடிகாரத்தை உங்களிடம் தருகிறேன், பிடியுங்கள். பிற்பகல் வெயிலில் குடுவை வெளுத்துக்கொண்டு வருகிறது. அடியில் குறி உங்களுக்கு இன்னும் நன்றாகத் தெரிகிறது.

அக்கா “போச்சு” என்று சொல்லிவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கிறாள். நிறுத்துகிறீர்களா?