ருத்தீனியத்தின் மேல் ஒரு தேன்கூடு

ஸ்லாவிகாவின் இடுப்பு நேற்றே போய்விட்டது. ஆய்வுக்கூடத்து வெற்றிடக் கலம் முழுவதையும் அலுமினியத் தாளால் சுற்றி, சூடேற்றி, ஆறவிட்டு, மறுபடி உரித்தெடுத்த வேலை. ஆஸ்திரேலியாவின் போர்ட் கெம்ப்லா எஃகு ஆலையில் உலை வாயில் நின்ற அவளுடைய அப்பாவுக்கும் அதே இடத்தில்தான் வலி. அவர் டன் கணக்கில் இரும்பு வடித்தார். மகள் ஒற்றை அணு கனத்தில் கரி பூசுகிறாள்.

பூச்சு நன்றாகவே விழுந்திருந்தது. செக்கச்செவேலென்று காய்ந்த ருத்தீனிய உலோகத்தின் மேல் எத்திலீன் வாயுவை விட்டதும், கரி அணுக்கள் கைகோத்து கிராஃபீன் வலையாகப் படிந்துவிட்டன. இனி அதைத் தொடாமல் தடவும் நுண்ணோக்கி ஊசி, அணுக்களைப் படம் பிடித்துத் தர வேண்டும். சாயங்காலம் பம்பு பழுதுக்காகக் கலத்தைத் திறக்கிறார்கள், மாதக்கணக்கில் மூடமாட்டார்கள். அதற்குள் படம் வராவிட்டால் அவளுடைய ஆய்வேடு அரைகுறைதான்.

அடுத்த மேசை ஆய்வு மாணவன் பிராடி, நல்ல ஆகிருதி, திரையைப் பார்த்துக் குதித்தான். "ஸ்லாவி! அணு! வரிசையா நிக்குது பாரு!"

"குதிக்காதடா எருமை, ஊசி ஆடுது. அது அணு இல்ல, மேடு. கொசுவலை ரெண்ட ஒண்ணு மேல ஒண்ணு வெச்சா பெரிசு பெரிசா கட்டம் தெரியுமில்ல? அதான். கீழ உலோகம், மேல கரி, ரெண்டோட கட்டமும் ஒத்துப்போகல. ஒட்டுன இடம் பள்ளம், ஒட்டாத இடம் மேடு. எனக்கு அந்த மேட்டுல இருக்கற அணு வேணும்."

"அப்ப ஊசி மொக்க."

"உன்ன மாதிரியே. மொதல்ல பூட்ஸக் கழட்டு. யானை நடக்கற மாதிரி இருக்கு."

கழற்றினான். காலுறை ஓட்டையில் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. நுனி கூராகட்டும் என்று அவள் ஊசிக்கு மின்னதிர்ச்சி கொடுத்துப் பார்த்தாள். இன்னும் மழுங்கியது. மறுபடி கொடுத்தாள். மேடுகளும் கலங்கிப் போயின.

பிராடிக்கே பாவமாகிவிட்டது. அவளுக்காக, இறைச்சிக் குழம்பு அடைத்த சூடான பேஸ்ட்ரி ஒன்றை ஏந்திக்கொண்டு பூனைபோல வந்தான். மெழுகிட்ட தரையில் காலுறை வழுக்கியது. தொப்பென்று உட்கார்ந்தான். தரை அதிர்ந்தது. திரையில் ஒரு வரி முழுக்க வெள்ளையானது.

"இடிச்சுட்டியேடா பாவி—"

அப்படியே நின்றாள். வெள்ளைக் கோட்டுக்கு அடுத்த வரி துல்லியமாக வந்தது. அதற்கடுத்ததும். மோதிய ஊசி நுனியில் எதையோ கவ்விக் கூராகிவிட்டது. மேட்டின் மேல் அறுகோணம், அதை ஒட்டி இன்னொன்று, இன்னொன்று. பள்ளத்தில் அணுக்கள் ஒன்றுவிட்டு ஒன்று கண் சிமிட்டின.

குதிக்க முடியாது. கத்த முடியாது. ஊசி ஓடிக்கொண்டிருக்கிறது. ஸ்லாவிகா சட்டைக் கையைக் கடித்துக்கொண்டு கைகளால் மட்டும் ஆடினாள். பிராடி சட்டையெல்லாம் குழம்போடு மல்லாந்து, காற்றில் சைக்கிள் மிதித்தான்.

"சிரிக்க வைக்காதடா, செத்துருவேன்!" என்று கிசுகிசுத்தாள்.

"மூச்சு விடாத! கீழ் வரி பாக்கி இருக்கு!"

படம் முடியும்வரை கண்ணீர் வழியச் சத்தமில்லாமல் சிரித்தார்கள்.

பிறகுதான் ஆய்வுக்கூடச் சட்டம் நினைவு வந்தது: படம் ஓடும்போது இடித்தவர் ஒரு பெட்டி பியர் வாங்க வேண்டும்.

"எடு பியர," என்றாள்.

"நானா? பூட்ஸக் கழட்டச் சொன்னது யாரு? படம் யாருக்கு வந்துச்சு?"

"சரி, பியர் என் கணக்கு," என்றாள். பம்பு ஆட்கள் கதவைத் தட்டினார்கள். கல்யாண வீட்டுக்காரிபோல உள்ளே அழைத்தாள்.

படம் ஆய்வேட்டில் ஏறிவிட்டது. பிராடிக்குத் தர வேண்டிய ஒரு பெட்டி பியரை ஸ்லாவிகா இன்னும் தரவில்லை.