சுழி இல்லாத புள்ளடி

“அப்பப்பா, வோட்டுச் சீட்டிலையும் பிள்ளையார் சுழி போடவேணுமோ?”

கோபிகா அப்போது முதலாம் வகுப்பு. 2018ஆம் ஆண்டு உள்ளூராட்சித் தேர்தல் முடிந்த மறுநாள் காலை, இடியப்பத்தைச் சொதியில் பிசைந்தபடி அதைக் கேட்டாள். அவளைப் பொறுத்தவரை அது நியாயமான சந்தேகம். கொப்பியின் தலைப்பில் சுழி போடாமல் ஒரு எழுத்து எழுதினாலும் அப்பப்பா நமசிவாயம் விடமாட்டார். கொடிகாமம் சந்தைக்கு அனுப்பும் கத்தரிக்காய்ச் சாக்கில் கட்டும் கடதாசித் துண்டிலும் முதலில் ஒரு ‘உ’ இருக்கும். சீனி, பருப்பு என்று மருமகள் கஜானி எழுதிக் கொடுக்கும் துண்டில் சுழி இல்லாவிட்டால், தானே அதைப் போட்டுக்கொண்டுதான் நமசிவாயம் சைக்கிளில் ஏறுவார்.

அன்று அந்தக் கேள்வியைக் கிளப்பிவிட்டது அவளுடைய தகப்பன் செந்தூரன் சொல்லிக்கொண்டிருந்த கதை. அவன் முதல்நாள் வாக்கு எண்ணும் இடத்தில் பியாட்றிஸ் ரீச்சரின் முகவராக நின்றவன். ஊர்ப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் ரீச்சர் தேர்தலில் சுயேச்சையாக வோட்டுக் கேட்டிருந்தார். சின்னம் யன்னல். அதற்கு நேரே பெருக்கல் அடையாளம்போல ஒரு புள்ளடி போடவேண்டும்.

“யன்னலுக்கு நேரை நல்ல வடிவான புள்ளடி,” என்றான் செந்தூரன். “ஆனா மேலை ஒரு பிள்ளையார் சுழி. பொறுப்பா இருந்தவர் தூக்கிப் பார்த்தார். புள்ளடியைத் தவிர வேறை எழுத்து இருந்தால் செல்லாது எண்டு ஒரே பேச்சு. நான் விடேல்லை. ‘சேர், உதிலை ஆற்றை பேர் கிடக்கு? சைவக்காரர் எல்லாரும் போடுற சுழிதானே’ எண்டன்.”

“அதுக்கு அவர் என்ன சொன்னவர்?” என்று கஜானி கேட்டாள்.

“‘தம்பி, பிள்ளையாருக்கு இந்த வட்டாரத்திலை வோட்டில்லை’ எண்டார். எல்லாரும் சிரிச்சினம். சீட்டு செல்லாததுக்குள்ளை போயிட்டுது. கடைசியாப் பார்த்தால் ரீச்சருக்கும் எதிர்த்துக் கேட்டவருக்கும் ஒரே எண்ணிக்கை! பிறகென்ன, திருவுளச்சீட்டு. பேரை எழுதிச் சுருட்டித் தேத்தண்ணிக் கோப்பைக்குள்ளை போட்டுக் குலுக்கிச்சினம். ரீச்சற்றை பேர் கோப்பைக்குள்ளையே கிடந்திட்டுது.”

“ஆற்றை விசர் வேலையோ?”

“எந்தப் பழசோ! அந்த ஒரு சுழி இல்லையெண்டால் ரீச்சர் வெண்டிருப்பா.”

அப்போதுதான் கோபிகா கேட்டாள். தாயும் தகப்பனும் சிரித்தார்கள். நமசிவாயம் மட்டும், “சாப்பிடு பிள்ளை, ஆறப்போகுது,” என்றார். தன் தட்டில் பாதி இடியப்பம் இருக்கவே எழுந்து கிணற்றடிக்குப் போய்க் கை கழுவினார். வலது கையை வெகுநேரம் கழுவினார்.

அன்று வெங்காயத்துக்கு நீர் இறைக்கும்போது, தான் வோட்டுப் போட்ட தேர்தல்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். முதல் தடவை தகப்பன்தான் கூட்டிப்போனார். தொகுதிக்கு ஒரு ஆள் என்று தெரிவுசெய்து பாராளுமன்றத்துக்கு அனுப்பிய காலம் அது. தகப்பன் வெள்ளை வேட்டியும் திருநீறுமாக வரிசையில் நின்று, “நல்ல காரியம். சுழி போட்டுத் தொடங்கு,” என்று காதுக்குள் சொன்னார். அன்று போட்டது. அடுத்த தேர்தலிலும் அதற்கடுத்ததிலும் போட்டார். தாங்கள் ஆதரித்தவர் வென்ற ஆண்டு, ஊர்வலத்தில் அவருக்குப் போட்ட மாலையின் ஒரு பூவைக் கொண்டுவந்து சாமித்தட்டில் வைத்தார். பிறகு தொகுதி போய் மாவட்டம் முழுவதும் ஒன்றானது. வோட்டுப் போடப் போகவே மனிதர் பயந்த ஆண்டுகள் வந்தன. அப்போது அவரும் வீட்டிலேயே இருந்தார். சண்டை ஓய்ந்தபின் மறுபடியும் வரிசையில் நின்றார், மறுபடியும் சுழி. இப்போது தொகுதி முறை வட்டாரமாகச் சிறுத்துத் திரும்பி வந்திருந்தது. முதல்நாள் யன்னலுக்குப் போட்ட சீட்டிலும் அதே சுழி.

அத்தனையும் செல்லாத வோட்டு. எந்தக் கணக்கிலும் அவர் இருக்கவில்லை. அவர் கொண்டாடிய வெற்றியிலும் துக்கப்பட்ட தோல்வியிலும் அவருடைய கை இல்லை. ஊரின் தேர்தல் வரலாறு அவரைத் தொடாமலே நடந்து போயிருந்தது.

அதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். பொறுக்க முடியாதது ரீச்சரின் காரியம்.

2000ஆம் ஆண்டு சண்டையில் தென்மராட்சி முழுவதும் இடம்பெயர்ந்தபோது நமசிவாயத்துக்குப் போக ஒரு திசை தெரியவில்லை. மனைவிக்குக் காய்ச்சல். செந்தூரன் பொடியன். அந்த நேரம் ஒழுங்கையில் கண்ட பியாட்றிஸ் ரீச்சர், “அண்ணை, எங்களோடை வாங்கோ,” என்று சொல்லி, பருத்தித்துறையிலிருந்த தன் தமக்கை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். வேதக்கார வீடு, கிறிஸ்தவர்கள். கடற்கரைப் பக்கம். மீன் இல்லாத நாள் கிடையாது. நமசிவாயம் சுத்த சைவம். பசியோடு வந்தவன் அதைச் சொல்வது அழகல்ல என்று வாய்திறக்கவில்லை. முதல்நாள் வெறும் தேத்தண்ணியோடு இருந்துவிட்டார். இரண்டாம் நாள் காலை ரீச்சர் சந்தைக்குப் போய்ப் புதுச்சட்டி ஒன்றும் புது அகப்பையும் வாங்கி வந்தார். முற்றத்து மூலையில் மூன்று கல் வைத்துத் தானே பருப்பும் கீரையும் சமைத்தார். “இது ஒருத்தரும் தொடாத சட்டி அண்ணை. பயப்பிடாமல் சாப்பிடுங்கோ,” என்றார். ஊர் திரும்பும்வரை அந்தச் சட்டியில் வேறொன்றும் ஏறவில்லை. நமசிவாயம் சாப்பிட இருக்கும் நேரங்களில் உள்ளே மீன்சட்டியைத் திறக்கவும் ரீச்சர் விடுவதில்லை.

தேர்தலில் கேட்கப்போகிறேன் என்று அவர் வந்து சொன்ன அன்று, “என்ரை வோட்டு உங்களுக்குத்தான் ரீச்சர்,” என்று நமசிவாயம் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லியிருந்தார்.

தோற்ற கிழமையே கொடிகாமம் சந்தையில் கதை பரவிவிட்டது. மரக்கறி விற்கும் இராசாத்தி அவரைக் கண்டதும் தொடங்கினாள்.

“என்ன அண்ணை, உங்கடை ஆக்கள் ரீச்சருக்குக் கடைசி நேரத்திலை யன்னலைச் சாத்திப் போட்டியளாமே?”

“எங்கடை ஆக்கள் எண்டால் ஆர்?”

“ஆர், சைவக்காரர்தான். பிள்ளையளை அவவிட்டைப் படிக்க விடுவியள். வோட்டெண்டால் வேதக்காரி எண்ட ஞாபகம் வந்திடும். பொய்யே?”

நமசிவாயம் சாக்கை இறக்கிவைத்துவிட்டு நின்றார். மறுக்க அவரிடம் ஒரு சொல் இருந்தது. அதைச் சொன்னால் உண்மை முழுவதையும் சொல்லவேண்டி வரும். பின்னால் யாரோ, “சும்மா இரடி இராசாத்தி,” என்றார்கள். திரும்பினால் பியாட்றிஸ் ரீச்சர், கையில் பையோடு.

“நமசிவாயண்ணை எனக்குத்தான் போட்டவர். எனக்குத் தெரியும்,” என்றார் ரீச்சர். அவரைப் பார்த்துச் சிரித்தார். “என்ன அண்ணை, ஓமோ?”

“ஓம் ரீச்சர்.”

அது பொய்யல்ல. ஆனாலும் வீடு வரும்வரை அந்த ‘ஓம்’ அவர் கூடவே வந்தது. திருவுளச்சீட்டு என்பது கடவுளின் விருப்பந்தானே என்று மனதைத் தேற்றிப் பார்த்தார். மனம் ஒத்துக்கொள்ளவில்லை. கடவுளிடம் கேட்கவேண்டிய நிலைக்குக் காரியத்தைக் கொண்டுவந்தது என் கை அல்லவா என்றது.

ரீச்சரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லப் புறப்பட்டு அவர் வீட்டுப் படலைவரை போனதும் உண்டு. ஆனால் சொன்னால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். ரீச்சர் சிரிப்பார், ‘விடுங்கோ அண்ணை’ என்பார், தேத்தண்ணி தருவார். மன்னித்துவிட்ட கடன் தீர்த்த கடன் ஆகாது. ஒரு வோட்டுக் கடன்பட்டிருக்கிறேன், ஒரு வோட்டுத்தான் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று தீர்மானித்துத் திரும்பி வந்தார்.

அதற்கு அடுத்த உள்ளூராட்சித் தேர்தல் வரவேண்டும். வரவில்லை. நோய்க்காலம் வந்தது. பிறகு நாட்டில் பெற்றோலுக்கு வரிசை வந்தது. வைத்த திகதியையும் காசில்லை என்று தள்ளிவைத்தார்கள். நமசிவாயத்துக்குக் கால் வீங்கத் தொடங்கியது. சைக்கிளை விட்டுத் தடியைப் பிடித்தார். முருங்கைக்காயோ வாழைக்குலையோ விளைந்தால் முதற்பங்கை ரீச்சர் வீட்டில் கொடுத்து ஒரே கேள்வியைக் கேட்பார்.

“ரீச்சர், அடுத்தமுறையும் கேப்பியள்தானே?”

“ஐயோ அண்ணை! இந்த வட்டாரத்திலை என்னை எலெக்சன் கேக்கச்சொல்லி அரியண்டப்படுத்துற ஒரே ஆள் நீங்கள்தான்.”

“கேக்கவேணும் ரீச்சர். நான் போறதுக்கு முன்னம்.”

“எங்கை போகப் போறியள்? இருங்கோ, பிளேன்ரீ ஊத்துறன்.”

2025இல் தேர்தல் வந்தது. ரீச்சரும் கேட்டார். அதே யன்னல். சந்தையில் இராசாத்தி, “இந்தமுறையாவது கதவைக் கேட்டு வாங்கியிருக்கலாம். சபைக்குள்ளை யன்னலாலை ஏறிக் குதிக்கப் போறாவோ?” என்று சிரித்துக்கொண்டே துண்டுப்பிரசுரத்தை வாங்கித் தராசுக்குக் கீழே வைத்தாள்.

நமசிவாயத்துக்கு இப்போது வேறொரு பயம். தன் கையை அவர் நம்பவில்லை. தோட்டத்தில் யாரும் இல்லாத நேரம் தடியால் மண்ணில் புள்ளடி போட்டுப் பார்த்தார். போடுமுன்பே தடி தானாக மேலே போய் ஒரு ‘உ’ வளைத்துவிடும். காலால் அழித்தார். மறுபடி போட்டார். மறுபடியும் சுழிதான் முந்தியது. எழுபது வருடத்துக்கு மேலாக அவரிலும் முந்தி எழுதிப் பழகிய கை. அதை நிறுத்தும்போது யாரையோ வாசலில் நிற்கவைத்துக் கதவடைப்பது போல இருந்தது.

தேர்தலன்று காலை குளித்துத் திருநீறு பூசி, வோட்டுப் போடும் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் பிள்ளையார் கோயிலில் நின்றார். பூசை முடிந்து ஐயர் போய்விட்டிருந்தார்.

“ஒருக்காலும் உம்மைக் கேளாமல் நான் ஒண்டும் எழுதினதில்லை,” என்றார் மெல்ல. “இண்டைக்கு எழுதவேண்டிக் கிடக்கு. கோவிக்காதையும்.”

பிள்ளையார் வழக்கம்போல் இருந்தார்.

பள்ளிக்கூடத்தில் வரிசை நீளமில்லை. வயதானவர் என்று முன்னே விட்டார்கள். பெயரை உரத்து வாசித்தார்கள். ஒரு பிள்ளை விரலில் மை பூசிச் சீட்டைத் தந்தது. மட்டையால் மறைத்த மேசைக்குப் போனார். நூலில் கட்டிய பேனை கிடந்தது. எடுத்தார்.

கை மேலே போனது. சீட்டின் தலைப்பில் நுனி படும் தூரத்தில் அதைப் பிடித்து நிறுத்தினார். பின்னால் யாரோ இருமினார்கள்.

அந்த நேரம் பருத்தித்துறை முற்றத்து மூலையும் மூன்று கல்லும் புதுச்சட்டியும் நினைவுக்கு வந்தன. ரீச்சர் தன் வேதத்தை விட்டுவிட்டா அன்று சமைத்தார்? இல்லை. தன் சட்டியைக் கொஞ்சம் தள்ளிவைத்தார், அவ்வளவுதான். பக்கத்தில் இன்னொருவருக்கு இடம் வேண்டியிருந்தது.

நமசிவாயம் பேனையைக் கீழே வைத்தார். இடது உள்ளங்கையை விரித்தார். வலது கைச் சுட்டுவிரலால், மை இல்லாமல், தடம் இல்லாமல், அதில் ஒரு ‘உ’ எழுதினார். கையை மூடிக்கொண்டார்.

பிறகு பேனையை எடுத்து யன்னலுக்கு நேரே ஒரு புள்ளடி போட்டார். சீட்டை ஒருமுறை மேலிருந்து கீழாகப் பார்த்தார். வேறொன்றும் இல்லை. மடித்தார். இடது கை மூடியபடியே இருந்தது. பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வெளியே வெயிலுக்கு வந்த பிறகே அதைத் திறந்தார்.